விளிம்பில்லாத ஜாடிகள்

துபாய், 2006. அல் கூஸ் பட்டறை வாசலில் லாரி இஞ்சினை அணைக்காமல் நிற்கிறது. ஜுமைராவில் எழும் வில்லாவின் கூரை ஓரத்துக்கு, கான்கிரீட்டில் வார்த்த அலங்கார ஜாடிகள் அதில் ஏற வேண்டும். சரிபார்க்கச் சென்னையிலிருந்து வந்த ஆர்க்கிடெக்ட் நான். சாயங்காலம் ஓனர் பார்க்கிறார். ஜாடிகள் அசலைப் போலவே இல்லையென்றால் வேலை எங்கள் கையை விட்டுப் போகும்.

அசல், முன்னூறு ஆண்டுகளுக்கு முன் தேவாலயங்களும் நாட்டுப்புற மாளிகைகளும் கட்டிய ஓர் ஆங்கிலேயருடையது. இந்த ஜாடிக்கு அவர் வரைந்த படம் மிஞ்சவில்லை. நான் பட்டறைக்கு அனுப்பியது, அந்தக் கல் ஜாடியின் ஒரே ஒரு புகைப்படம்.

உயரம் சரி. பீடம் சரி. விளிம்பு மட்டும் எல்லா ஜாடியிலும் சுற்றிலும் எலி கடித்ததுபோல் இருக்கிறது.

"என்ன பாய் இது?"

கீழக்கரைக்காரரான ஃபோர்மேன் புகைப்படத்தை நீட்டுகிறார். "போட்டோல உள்ளபடியே வார்த்திருக்கோம் மேடம். இதுதான் டிசைன்னு நெனச்சோம்."

"முன்னூறு வருஷ மழையில கரைஞ்ச கல்லு பாய் அது!"

"சரி, பூசிரலாம். கரையுறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு?"

படத்தை உற்றுப் பார்க்கிறேன். அதில் பதில் இல்லை. டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.

"யல்லா மேடம், சீக்கிரம் வரைஞ்சு குடுங்க," என்கிறார் ஃபோர்மேன்.

பலகையில் பென்சிலால் விளிம்பை வெளிப்பக்கம் வளைத்து வரைகிறேன். அழிக்கிறேன். இன்னும் கொஞ்சம் தடிமனாக, மீண்டும் வளைக்கிறேன்.

"அந்த வெள்ளக்காரர் இப்படித்தான் செஞ்சிருப்பாரா?"

"தெரியல பாய். ஓனர் கேட்டா, இந்த விளிம்பு நான் போட்டதுன்னு சொல்லிடுறேன்."