கயிற்றில் இறங்கும் முன் ஒரு ‘சரி’

என் மருமகளுக்கு உயரம் என்றால் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் தொழிலைப் பற்றிக் கேள்விப்படுகிறவர்கள் எல்லாரும் அவளைக் காற்றில் பிறந்தவள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உயரமான கட்டடங்களின் கண்ணாடிச் சுவரைக் கயிற்றில் தொங்கியபடி துடைக்கிற தொழில். அதற்கு அவளே முதலாளி. ஆனால் வீட்டில் பல்பு மாற்ற நாற்காலி மேல் ஏறினால் ஒரு கை சுவரை விடாது. கேட்டால், “பயம் இருக்கிறவதான் அத்தை கொக்கிய ரெண்டு தடவ பாப்பா” என்பாள்.

எனக்கு எழுத்து வாசனை கிடையாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். ‘எங்க அம்மாதானே’ என்று சர்க்கரை தூவினால் பேனாவைப் பிடுங்கிவிடுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மருமகளின் அப்பா ஏணி வைத்துக் கடைகளின் ஜன்னல் துடைத்தவர். ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றே இவள் வளர்ந்தாள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு ஏணியை விட்டுக் கயிற்றுக்கு மாறினாள். இரண்டு பேரோடு தொடங்கி, வண்டி வாங்கி, வாடகைக்குக் கொட்டகை பிடித்து, ஒரு கூட்டத்துக்கே வேலை கொடுக்கிற நிலைக்கு வந்தாள். என் பெரிய மகன் வண்டி ஓட்டுவான், மொட்டை மாடிக்குத் தண்ணீர்க் குழாய் இழுப்பான், பெண்டாட்டி சொன்னால் ஆமாம் என்பான். மூன்றிலும் அவனைக் குறை சொல்ல முடியாது.

என் சின்ன மகனுக்கும் அவளிடம்தான் வேலை. கயிற்றில் அவனைப் போல ஆள் கிடையாது. ‘சிலந்திக்குச் சித்தப்பா பையன்’ என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசுவார்கள். மற்றவர்கள் ஒரு வரிசை முடிப்பதற்குள் இவன் அடுத்த வரிசையில் பாதி இறங்கியிருப்பான். ஒருநாள் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தோள்பட்டையில் அடிபட்டது. காயம் ஆறியது, வலி ஆறவில்லை. இரவெல்லாம் புரண்டான். யாரோ கஞ்சாவைப் பழக்கிவிட்டார்கள். முதலில் தூக்கத்துக்கு என்று ஆரம்பித்தது, பிறகு காலைத் தேநீரோடு வந்து உட்கார்ந்துகொண்டது. விருந்தாளியாக வந்தது வீட்டுக்காரன் ஆன கதை.

அவர்கள் வேலையில் ஒரு முறை இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. இறங்குகிற ஆளுக்கு இரண்டு கயிறு. ஒன்றில் பலகை கட்டி உட்கார்ந்து இறங்குவான். இன்னொன்று அவன் இடுப்பு பெல்ட்டில் கொக்கி போட்டுத் தனியாக மாட்டியிருக்கும். முதல் கயிறு போனாலும் இரண்டாவது கயிறு ஆளைப் பிடித்துக்கொள்ளும். இறங்குவதற்கு முன் மேலே நிற்கிற கூட்டாளி ஒவ்வொரு கொக்கியையும் கையால் இழுத்துப் பார்த்து, ஆளின் முகத்தையும் பார்த்து, ‘சரி’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழாமல் யாரும் சுவரைத் தாண்டிக் காலை வைக்கக் கூடாது.

சின்னவனுக்குச் ‘சரி’ சொல்கிற கூட்டாளியை எல்லாரும் ஒட்டகம் என்று கூப்பிடுவார்கள். கழுத்து அப்படி. மனசு பூனைக்குட்டி.

ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தை அவர்கள் எடுத்திருந்தார்கள். ஒருநாள் முற்பகலில் சின்னவன் பாதிச் சுவர் இறங்கும்போது பலகை ஒரு பக்கம் சாய்ந்தது. வாளி கழன்று கீழே போய்த் தெறித்தது. கயிறு கட்டி அடைத்த இடம், கீழே யாரும் இல்லை. இவன் அங்கே தொங்கிக்கொண்டு சிரித்தானாம். தட்டுத்தடுமாறித் தரைக்கு வந்த பிறகு மருமகள் அவன் பெல்ட்டைக் கழற்றப் போனாள். இரண்டாவது கயிற்றின் கொக்கி எதிலும் மாட்டாமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவன் கண்கள் செக்கச்செவேல் என்று இருந்தன.

அவள் கத்தவில்லை. “எல்லாரும் பெல்ட்ட கழட்டுங்க. இன்னைக்கு வேல முடிஞ்சது” என்றாள். பிறகு ஒட்டகத்தைக் கூப்பிட்டாள்.

“நீ சரி சொன்னியா?”

“சொன்னேன்க்கா.”

“கொக்கிய இழுத்துப் பாத்தியா?”

“இல்லக்கா. தெனமும் சொல்றதுதானேன்னு...”

“மூஞ்சியையாவது பாத்தியா?”

ஒட்டகம் தன் நீளக் கழுத்தைத் தொங்கப் போட்டது. “பாத்தேன்க்கா. அடிச்சிருக்கான்னு தெரிஞ்சுது. சொன்னா அவன் வேல போயிடுமேன்னுதான்...”

“அவன் வேல போயிடும்னு பயந்து அவன் உயிர அனுப்பி வெச்சியா?”

அன்று மாலை வீட்டில் எனக்கும் அவளுக்கும் வாக்குவாதம் நடந்தது. நான் என் கட்சியைச் சொன்னேன். “பெத்த வயிறு கேக்குது. ஒரு தடவ கண்டும் காணாம விட்டுடு. இனிமே செய்ய மாட்டான்.”

“வீட்ல அவரு என் கொழுந்தன் அத்தை. கயித்துல என் ஆளு. என் ஆளு செத்தா உங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?”

“அதுக்காக ஊருக்கு முன்னாடி அவமானப்படுத்துவியா? மொதல்ல எங்கிட்ட சொல்லியிருக்கணும் இல்ல?”

“கொக்கி உங்க கையிலயா இருந்துச்சு?”

மறுநாள் காலை அவளுக்குத் தேநீரை நங்கென்று மேசையில் வைத்தேன். பாதி தளும்பிவிட்டது. அவள் மீதியைக் குடித்துவிட்டு, “சூடு பத்தல அத்தை” என்றாள். நெஞ்சழுத்தக்காரி.

கட்டடத்தின் மேலாளருக்கு விஷயம் எட்டியது. வாளி விழுந்த சத்தம் எட்டாமலா இருக்கும்? அவர் மருமகளைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள், யாருக்குக் கஞ்சா இருக்கிறதோ அன்றே வீட்டுக்கு அனுப்புங்கள் என்றார். அவர் மேல் தப்பில்லை. அவர் கட்டடத்தில் ஆள் விழுந்தால் அவரைத்தான் கேட்பார்கள்.

மருமகள் உடனே தலையாட்டவில்லை. சின்னவனின் தோளைக் காட்ட அவனை மருத்துவரிடம் கூட்டிப்போனாள். போன இடத்தில் இதையும் கேட்டாள். மருத்துவர் அம்மா பொறுமையாகச் சொன்னாராம். பரிசோதனையில் பழைய புகையும் தெரியும், பல நாள் முன்னால் இழுத்ததுகூடத் தெரியும். இந்த நிமிஷம் ஆள் நிதானமாக இருக்கிறானா என்பதை அது சொல்லாது. இழுத்த அன்று அவன் கயிற்றுப் பக்கமே போகக் கூடாது, அதில் பேச்சே இல்லை. இன்னொன்றும் சொன்னார்: நான் எழுதித் தருகிற வலி மாத்திரையும் தூக்கம் வரவழைக்கும், அதைப் போட்ட அன்றும் ஏறக் கூடாது.

திரும்பும்போது பெரியவன்தான் வண்டி ஓட்டினான். கொட்டகை வாசலில் இறங்கும்போது அவனிடம் சொன்னாளாம்: “வேல போயிடும்னு பயந்தா எல்லாரும் ஒளிச்சுத்தான் அடிப்பாங்க. ஒவ்வொருத்தன் வாயையும் மோந்து பாக்கவாங்க நான் தொழில் நடத்துறேன்? ஏறுறதுக்கு முன்னாடி அவனவன் வாயாலயே சொல்லணும். அதுக்கு வழி பண்றேன்.”

மறுநாள் கொட்டகையில் எல்லாரையும் தரையில் உட்கார வைத்து அவளும் தரையில் உட்கார்ந்தாள்.

“கேட்டுக்கங்க. வேல நேரத்துல கஞ்சா கிடையாது. வேலைக்கு முன்னாடி இழுத்துட்டு ஏறுறதும் கிடையாது. தப்பிப் போயி ஒரு நாள் உடம்போ புத்தியோ நிதானத்துல இல்லன்னா, ‘இன்னைக்கு நான் கீழ’ன்னு சொல்லுங்க. வாளி கழுவலாம், குழாய் சுத்தலாம், அந்த வேலைக்கு உண்டான கூலி உண்டு. கேலி பண்றவன நான் பாத்துக்கறேன். அடிக்கடி கீழ நிக்கிறவங்கள மருத்துவர்கிட்ட நானே கூட்டிட்டுப் போவேன். ஆனா ஒளிச்சுட்டு ஏறுனா, மொதல் தடவ கயித்த விட்டு எறக்கிடுவேன். ரெண்டாவது தடவ வெளிய. தெரிஞ்சே சரி சொல்றவனுக்கும் அதேதான். என் புருஷனா இருந்தாலும்.”

“நான் வண்டிதானே ஓட்டுறேன்?” என்றான் பெரியவன் பாவமாக.

“வண்டிக்கும் சேத்துத்தாங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். ஒட்டகம் மட்டும் கையைத் தூக்கியது. “முதலாளிக்கும் உண்டாக்கா?”

“எனக்குத்தான் மொதல்ல.”

மேலாளரிடம் போய் நேராகச் சொன்னாள்: “ஆள வேலைய விட்டு அனுப்பல. முறைய மாத்தியிருக்கேன். பிடிக்கலன்னா கட்டடத்த வேற யாருக்காவது குடுங்க.” அவர் யோசித்துவிட்டு, வேலை முடிகிற வரை நீங்களே மாடியில் நிற்க வேண்டும் என்றார். அவள் அதற்கு ஒப்புக்கொண்டாள்.

சின்னவன் தரையில் வாளி கழுவினான். என்னால் பார்க்க முடியவில்லை என்று சொன்னால் அது உண்மை. வீட்டில் அண்ணியோடு ஒரே மேசையில் சாப்பிட உட்கார மாட்டான். “நான் எறங்குற செவுத்த இவனுங்க பூனை நக்குற மாதிரி நக்கிட்டு இருக்கானுங்க” என்று என்னிடம் பொருமுவான். அவள் அதைக் கேட்டும் கேட்காதது போலத் தட்டில் பார்வையை வைத்திருப்பாள். ஆனால் தோளுக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்துக்கும், புகையை விடுவதைப் பற்றிப் பேசுகிற இடத்துக்கும் வேலை நேரத்திலேயே அவனை அனுப்பினாள். வண்டியும் அவளுடையதே.

ஒரேயடியாகத் திருந்திவிட்டான் என்று எழுதாதே என்று பேத்தியிடம் சொன்னேன். நடுவில் ஒருநாள் காலையில் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே வரவில்லை. “அண்ணி, நேத்து ராத்திரி வலி தாங்கல. விடியற வரைக்கும் இழுத்தேன். இன்னைக்கு வண்டியில கூட ஏற மாட்டேன்” என்றான். எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

“வாய்விட்டுச் சொன்னியே தம்பி, அது போதும். வண்டியில வர வேணாம். நம்ம பெல்ட்டெல்லாம் அழுக்கா கெடக்கு, இங்கயே உக்காந்து தொவைச்சுப் போடு” என்றாள்.

அன்று அவன் துவைத்த துவைப்பில் பெல்ட்டுகள் புதிதாகப் பிறந்தன.

அதற்குப் பிறகு அப்படி ஒரு காலை வரவில்லை. வெயில் காலம் வந்ததும் அவள் அவனை மாடிக்குக் கூப்பிட்டாள். கயிற்றில் இறங்க இல்லை. எல்லாருக்கும் ‘சரி’ சொல்கிற இடத்தில் நிற்க.

ஒட்டகத்துக்கே பொறுக்கவில்லை. “திருடன் கையிலயே சாவியாக்கா?”

“பூட்டு எங்க எளகும்னு அவனுக்குத்தானே தெரியும்” என்றாள்.

சின்னவன் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு கொக்கியையும் பல்லைப் பிடுங்குகிறவன் போல இழுத்துப் பார்த்தான். முகத்துக்கு முகம் வைத்துப் பார்த்தான். ஊதச் சொன்னானா, திட்டினானா என்றால் இல்லை. பார்த்துவிட்டுச் சொல்வான்: சரி.

அந்தக் கட்டடத்தில் கடைசி இரண்டு பக்கச் சுவர்கள் பாக்கி. மறுநாள் அதன் சொந்தக்காரர்கள் வருகிறார்கள், இன்றே முடிய வேண்டும் என்று மேலாளர் மாடியிலேயே வந்து நின்றுகொண்டார். அன்று பார்த்து ஆட்கள் சிலருக்குக் காய்ச்சல். ஒட்டகம் அடுத்த பக்கச் சுவரில் இறங்க வேண்டும். சின்னவனுக்கு இன்னும் கயிறு திரும்பக் கிடைக்கவில்லை, அதனால் இந்தப் பக்கத்துக்கு ஆள் இல்லை. மருமகள் தானே பெல்ட்டை எடுத்துக் கட்டிக்கொண்டாள். பயந்தவள், ஆனாலும் கட்டிக்கொண்டாள்.

சின்னவன் கொக்கிகளை இழுத்தான். எல்லாம் இறுக்கமாக இருந்தன. பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

“அண்ணி, காலையில என்ன சாப்ட்டீங்க?”

“தேத்தண்ணி. உங்கம்மா போட்டதுதான்.”

“அதோட?”

அவள் சற்றுத் தயங்கினாள். “சளிக்கு ஒரு மாத்திரை.”

“அன்னைக்குத் தூங்கிட்டே வண்டியில வந்தீங்களே, அந்த மாத்திரையா?”

“அதுவும் கஞ்சாவும் ஒண்ணாடா?”

“வேற வேறதான் அண்ணி. கயித்துக்குத்தான் வித்தியாசம் தெரியாது. சரி இல்ல.”

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒட்டகம் வானத்தைப் பார்த்தது. தண்ணீர்க் குழாயோடு மேலே வந்த பெரியவன் வந்த வாசலிலேயே நின்றுவிட்டான்.

“நாளைக்கு அவங்க வந்துடுவாங்க. நான் முதலாளிடா.”

“அன்னைக்குத் தரையில உக்காந்து நீங்க பேசினப்ப நானும் கேட்டுட்டுத்தான் இருந்தேன்” என்றான் சின்னவன்.  கை அவள் கொக்கியை விடவில்லை.

மருமகள் மேலாளரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து பெல்ட்டைக் கழற்றினாள். “அவரு சரி சொல்லல. இன்னைக்கு நான் கீழ” என்றாள். மேலாளர் சத்தம் போட்டார். அவருக்கு அந்த உரிமை உண்டு, போடட்டும். இவள் படியிறங்கிப் போய் வாளி கழுவ உட்கார்ந்தாள்.

மறுநாள் சொந்தக்காரர்கள் வந்தபோது ஒரு பக்கச் சுவர் தூசியோடுதான் நின்றது. அடுத்த முறை அந்தக் கட்டடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. மருமகள் ஒருநாள் முழுக்க உம்மென்று இருந்தாள். பிறகு வேறு கட்டடம் தேடிப் புறப்பட்டுவிட்டாள். நான் அன்று தேநீர் டம்ளரை மெதுவாகத்தான் வைத்தேன். என்றாலும், அந்த முதல் நாள் அவள் என்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். இதை நான் விடப் போவதில்லை.

புதிய கட்டடத்தில் சின்னவன் மறுபடி பெல்ட் கட்டினான். இதைப் பெரியவன்தான் வந்து சொன்னான், வாயே திறக்காதவன். ‘சரி’ சொல்ல நின்றது ஒட்டகம். ஒவ்வொரு கொக்கியாக இழுத்தது, சுற்றி வந்து மறுபடி இழுத்தது, குனிந்து கண்ணைப் பார்த்தது, நிமிர்ந்து வேறு கோணத்தில் பார்த்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

“இன்னும் எவ்ளோ நேரம்டா பாப்ப?” என்றானாம் சின்னவன்.

“இருடா. அவசரமா இருந்தா லிஃப்ட்ல போ” என்றது ஒட்டகம். இன்னொரு முறை கொக்கியை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னது.

“சரி.”