உள்ளிருந்து மட்டும் பூட்டும் கதவு

நான் அந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த காலையில், புத்தகப் பெட்டியைத் தோளில் வைத்துப் படியேறிக்கொண்டிருந்தேன். முதல் மாடியில் ஒரு கதவு ஒருக்களித்தது. ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர், கையில் பையோடு தலையை நீட்டினார்.

“தம்பி, பத்து நிமிஷம் இந்த வாசல்ல நிக்க முடியுமா? பால் வாங்கிட்டு வந்துடறேன்.”

“நான் யாருன்னே உங்களுக்குத் தெரியாதே சார்.”

“பெட்டியோட உள்ள வர்றவன் திருடன் இல்ல தம்பி. பெட்டியோட வெளிய போறவன்தான்.”

பதில் சொல்வதற்குள் இறங்கிவிட்டார். நான் நின்றேன். உள்ளே பார்த்தால் சுவர் முழுக்கத் தட்டுகள், தட்டுகள் முழுக்கப் பற்கள். மேல்வரிசையும் கீழ்வரிசையும் இளஞ்சிவப்பு ஈறோடு, ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர்ச்சீட்டு. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து வீட்டிலேயே பல்செட் செய்கிறவர். கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் பல்செட்டுக்காரர்தான்.

முப்பது வருஷக் குத்தகையில் அந்த வீட்டை எடுத்து, இருபது வருஷமாகத் தனியாக இருக்கிறார். அந்த மழைக்காலத்தில் சுவருக்குள் ஓடிய குழாய் கசிந்து, வாசல் நிலை ஒரு பக்கம் இறங்கிவிட்டது. பூட்டின் நாக்கு நிலையில் உள்ள துளைக்குள் போகவில்லை. உள்ளே அடித்தாழ்ப்பாள் மட்டும் விழும். ஆள் உள்ளே இருந்தால்தான் கதவு பூட்டும். வெளியே போக வேண்டுமென்றால் உள்ளே இன்னொரு ஆள் வேண்டும். அவருக்கு அந்த இன்னொரு ஆள் இல்லை.

“பல்லை யார் சார் திருடப் போறாங்க?” என்று கேட்டேன்.

“தங்கத்தைத் தொலைச்சா வாங்கிக் குடுத்துடலாம். ஒரு பாட்டியம்மா பல்லைத் தொலைச்சா, புதுசு கட்டுற வரைக்கும் அது எதை வச்சு மெல்லும்? ஊர் வாயை மூட முடியாதும்பாங்க, எனக்கு வீட்டுக் கதவையே மூட முடியல.”

கட்டட உரிமையாளரின் மேனேஜர் கதவைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். கதவு உங்களுடையது, அது உப்பியிருக்கிறது, நீங்களே இழைத்துக்கொள்ளுங்கள் என்பது அவர் தீர்ப்பு. சரி, கொண்டி வைத்து வெளிப்பூட்டாவது போட்டுக்கொள்கிறேன் என்றால், நிலையில் ஓர் ஆணி அடித்தாலும் குத்தகை ரத்து என்றாராம்.

இதில் அவருக்கு ஒரு அவசரம் இருந்தது. அக்கா ஒருத்திதான் அவருக்கு மிச்சமிருந்த சொந்தம். ஒருநாள் பயணத் தொலைவில் இருந்தவர், மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மகளோடு வெளிநாட்டில் இருக்க ஒரேயடியாகக் கிளம்புகிறார். அந்த அக்காவுக்காக இவர் ஒரு பல்செட் செய்து வைத்திருந்தார். அதைத் தபாலில் அனுப்ப முடியாது. வாயில் வைத்து, கடிக்கச் சொல்லி, உறுத்துகிற இடத்தை உரசிவிட வேண்டும்.

“நீ படிச்சவன், இதைக் கொஞ்சம் பாரு” என்று குத்தகைப் பத்திரத்தை என்னிடம் நீட்டினார். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அந்தப் பதினெட்டுப் பக்கத்தையும் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன். பதினோராம் பக்கத்தில் இருந்தது: உட்புறக் கதவுகள், சுவர்ப்பூச்சு குத்தகைதாரர் பொறுப்பு, வெளிச்சுவர், குழாய்கள், பொதுவழியை நோக்கிய வாசல் நிலை உரிமையாளர் பொறுப்பு. இறங்கியது நிலை. இறக்கியது குழாய். இரண்டும் அவர்களுடையவை.

அவருக்காக மேனேஜருக்கு நான் எழுதிய முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதுக்கு மேனேஜர் நேரில் வந்து, “லெட்டர் எழுதுற தம்பி எங்க?” என்று சிரித்துவிட்டுப் போனார். மூன்றாவதில் கசிவின் படத்தையும் பக்க எண்ணையும் சேர்த்தேன். அந்தக் கடைசி வாரத் திங்கட்கிழமை பதில் வந்தது. ஒப்புக்கொண்டிருந்தார்கள். செலவு அவர்களுடையது. தச்சர் சனிக்கிழமை வருவார்.

ஓடிப்போய்க் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். “ஜெயிச்சுட்டே தம்பி” என்றார். பிறகு, “சனிக்கிழமையா... அக்கா வெள்ளிக்கிழமை கிளம்புதே.”

“வெள்ளிக்கு முன்னாடியே வரச் சொல்லி இன்னொண்ணு எழுதிடறேன் சார்.”

எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. வியாழக்கிழமை மாலை அக்கா போன் செய்தபோது நான் அங்கே இருந்தேன். ஸ்பீக்கரில் குரல் பொக்கைவாயாகக் குழறியது. “ஊருக்கெல்லாம் பல்லு கட்டுறே, ஒரு கதவைக் கட்டத் துப்பில்லையாடா உனக்கு? கதவு பெருசா, அக்கா பெருசா?”

“வந்துடறேன்கா, வந்துடறேன்” என்றார். இனி எந்த வண்டி பிடித்தாலும் போய்ச் சேர முடியாது என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

சனிக்கிழமை தச்சர் வந்து, நிலையை முட்டுக் கொடுத்துத் தூக்கி, கீழே ஒரு கட்டை வைத்தார். இருபது நிமிஷ வேலை. சாவி வெண்ணெயில் கத்திபோல் திரும்பியது. தச்சர் போன பிறகு, பல்செட்டுக்காரர் சாவியைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: “ரெண்டு நாள் நீ இங்க இருப்பியான்னு கேக்கலாம்னு செவ்வாக்கிழமை பாதிப் படி வரைக்கும் வந்தேன். உன் கதவு திறந்திருந்துச்சு. நீ லெட்டர் எழுதிக்கிட்டிருந்தே. தொந்தரவு பண்ண வேணாம்னு இறங்கிட்டேன்.”

அவர் வீட்டில் இருக்க, என் ஆபீசுக்கு இரண்டு நாள் லீவு எழுத அரைப் பக்கம் போதும். நான்கு கடிதம் எழுதிய எனக்கு அது தோன்றவில்லை.

இப்போதும் அவர் முதல் மாடியில்தான் இருக்கிறார். கதவு நன்றாகப் பூட்டுகிறது. ஆனாலும் பால் வாங்கப் போனால் பத்து நிமிஷத்தில் திரும்பிவிடுகிறார். மாற்றுச் சாவி என்னிடம் இருக்கிறது. அக்காவின் பல்செட் தட்டில் தனிக் கிண்ணத்தில் தண்ணீரில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தண்ணீரை மாற்றுகிறார்.