ஆடிஷனுக்கு முதல் டோக்கன்

என் கணவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கொள்கைதான் உண்டு. எந்தக் காரியமானாலும் முதல் ஆளாகப் போய் நின்றுவிட வேண்டும். குவைத்துக்கு வந்த புதிதில் விசா மெடிக்கலுக்கும் கைரேகைக்கும் லைசென்ஸுக்கும் வெயிலில் நின்று நின்று அவர் கற்றுக்கொண்ட பாடம் அது. கதவு திறக்கும் முன்னால் போய் முதல் டோக்கன் வாங்கினவன் பத்து மணிக்கு டூட்டியில் இருப்பான். மற்றவனை ‘நாளை வா’ என்று அனுப்பிவிடுவார்கள். அதை அவர் அரசாங்க அலுவலகத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தால் எனக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை. எங்கள் கல்யாணத்தையே மாதா கோயிலில் விடியற்காலை முதல் பூசையில்தான் வைத்தார். ஆல்பத்தைத் திறந்தால் மாப்பிள்ளை மட்டும் சிரித்துக்கொண்டிருப்பார். நான் உள்பட மற்ற எல்லோரும் தூங்கி வழிந்துகொண்டிருப்போம்.

இப்படிப்பட்ட மனிதருக்கு, காலை பதினொரு மணிக்கு முன்னால் குரல் எழும்பாத ஒரு மகள் பிறந்தாள்.

அப்பாசியாவில் நாங்கள் இருந்த கட்டடத்தில் எல்லோருக்கும் இது தெரியும். காலையில் அவள் பேசுவதே கரகரவென்று இருக்கும். மத்தியானம் தாண்டினால் தொண்டை திறக்கும். சாயங்காலம் கோயில் பாடற்குழுப் பயிற்சியில் அவள் உச்சத்துக்குப் போனால் ஆர்மோனியம் வாசிப்பவரே வாசிப்பை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்ப்பார். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஆங்கில இசை நாடகம் போடுவார்கள். பாட்டு, நடனம், நடிப்பு மூன்றும் ஒன்றாக வரும். ஒன்பதாம் வகுப்பில் அதில் சேர்ந்தவள் பிறகு மேடையை விட்டு இறங்கவே இல்லை. பதினொன்றாவது முடியும்போது, அமெரிக்காவில் இதற்கென்றே கல்லூரிப் படிப்பு இருக்கிறது, அதைத்தான் படிப்பேன் என்று சொல்லிவிட்டாள்.

குவைத்தில் வளரும் பிள்ளைகள் பன்னிரண்டாவது முடிந்தால் எப்படியும் பெட்டி கட்டத்தான் வேண்டும். ஊரில் இன்ஜினியரிங் அல்லது நர்சிங் என்பதுதான் வழக்கம். இவர் இரண்டு நாள் யோசித்து ஒரு நிபந்தனை வைத்தார். ஒரே ஒரு வருஷம் முயற்சி செய்யலாம், ஏதாவது ஒரு கல்லூரி எடுத்துக்கொண்டால் போகலாம், ஒன்றும் அமையாவிட்டால் நாகர்கோவிலில் அவர் தம்பி பார்த்து வைத்திருக்கும் இன்ஜினியரிங் சீட்டுக்கு முணுமுணுக்காமல் போய்விட வேண்டும். அவள் கையை நீட்டினாள். இவர் குலுக்கினார். இரண்டு பேருமே விளையாடவில்லை என்று எனக்குப் புரிந்தது.

வெளியே சொல்வதில்தான் இவருக்குச் சங்கடம். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து யாராவது மகள் என்ன படிக்கப் போகிறாள் என்று கேட்டால், முதலில் ‘கலை’ என்பார். மேலும் கேட்டால் ‘கம்யூனிகேஷன் மாதிரி’ என்பார். நாடகம் என்ற சொல் அவர் வாயிலிருந்து வருவதற்குள் கார் பார்க்கிங் வந்துவிடும்.

ஆனால் வேலையில் இறங்கிவிட்டால் அவர் கில்லாடி. பல கல்லூரிகள் பிப்ரவரியில் சிகாகோவில் ஒரே ஹோட்டலில் கூடி ஆடிஷன் நடத்துகின்றன என்று கண்டுபிடித்தார். அவள் பாடி ஆடிய டி.வி.டி.யை எல்லாக் கல்லூரிகளுக்கும் அனுப்பினோம். ஐந்து கல்லூரிகள் நேரில் அழைத்தன. நாளையும் நேரத்தையும் நாமே இன்டர்நெட்டில் தேர்ந்துகொள்ளலாம். எனக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி, மகளுக்குப் பள்ளிக்கூடம். இவர் தனியாக உட்கார்ந்து அந்தக் காரியத்தை முடித்துவைத்தார்.

அன்று சாயங்காலம் பேப்பரை மேசையில் விரித்து, காது குத்தின வீட்டில் மாமன் நிற்பதுபோல நின்றார். ஐந்து கல்லூரி, ஐந்து நாள், ஐந்திலும் காலை எட்டரை மணி. ஐந்திலும் முதல் ஆள்.

மகள் பேப்பரைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

“எய்ட் தர்ட்டிக்கு எனக்குப் பேச்சே வராதுப்பா. பாட்டு எப்படி வரும்?”

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இவருக்கு நிஜமாகவே ஒன்றும் விளங்கவில்லை. “முதல் ஆளுண்ணா அவங்க மனசுல நிக்கும். பின்னால வாற பிள்ளைகள எல்லாம் இவளோட வச்சுத்தான பாப்பாங்க” என்றார்.

“குரல் வரணுமே. அதுக்கும் டோக்கன் எடுத்தாச்சா?” என்று நான் கேட்டேன்.

மாற்றலாம் என்று பார்த்தால் மற்ற நேரங்கள் எல்லாம் அதற்குள் போய்விட்டன. எழுதிக் கேட்டதற்கு, மன்னிக்கவும், காத்திருப்போர் பட்டியலில் போடுகிறோம் என்று பதில் வந்தது. உடனே இவர் வைத்தியத்தில் இறங்கினார். மகளை ஐந்து மணிக்கு எழுப்பி ஆவி பிடிக்க வைத்தார். மிளகுப் பால், அதிமதுரம், தேன் என்று தொண்டைக்கு ஒரு பலசரக்குக் கடையே வந்து இறங்கியது. எட்டரைக்கு அவள் உச்சத்தைத் தொடப் பார்ப்பாள். எண்ணெய் காணாத கதவைத் திறப்பதுபோல ஒரு சத்தம் வரும். பக்கத்து பிளாட் மலையாளி சேச்சி, பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார். மகள் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வழி எனக்கு ஆஸ்பத்திரியில் தோன்றியது. மாதத்தில் பாதி நாள் நைட் டூட்டி பார்ப்பவள் நான். வெளியே சூரியன் என்ன சொன்னாலும் உடம்பு அதன் கணக்கில்தான் நடக்கும், ஒரு வாரத்துக்கு அதை ஏமாற்றி வைக்கலாம் என்பது எங்களுக்குப் பழக்கம். குவைத்துக்கும் சிகாகோவுக்கும் ஒன்பது மணி நேர வித்தியாசம். அங்கே காலை எட்டரை என்றால் இங்கே சாயங்காலம் ஐந்தரை. பாடற்குழுப் பயிற்சி நேரம். அங்கே போயும் குவைத் நேரத்திலேயே தூங்கி, குவைத் நேரத்திலேயே சாப்பிட்டால், முதல் ஆளாக நிற்கும்போது அவள் தொண்டைக்கு அது சாயங்காலம்தான்.

சொன்னதும் மகள் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். இவர் அரை நிமிஷம் மேலே பார்த்தார். பிறகு, நானும் அதை நினைத்துத்தான் காலை நேரமாகப் போட்டேன் என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் முகத்தைப் பார்த்து நான் அவ்வளவு நேரம் சிரித்தது கிடையாது.

அவருக்கு எண்ணெய் ரிஃபைனரியை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலை, லீவு கிடையாது. என்னுடைய வருஷ லீவை எடுத்துக்கொண்டு நான்தான் மகளோடு போனேன். அந்த வருஷம் ஊர்ப் பயணம் இல்லை. பள்ளிக்கூடத்தில் போர்டு பரீட்சை நெருங்குகிறதே என்று முகம் சுளித்துத்தான் அனுப்பினார்கள்.

சிகாகோவில் நான் பார்த்தது ஒரு ஹோட்டல் திரைச்சீலையைத்தான். அதை இழுத்து மூடிவிட்டு, கைக்கடிகாரத்தைத் திருப்பாமல் குடித்தனம் நடத்தினோம். ஊரெல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும் நேரத்தில் நாங்கள் ஜெபம் சொல்லிப் படுத்தோம். அவர்கள் தூங்கப் போகும்போது எழுந்து பல் தேய்த்தோம். இவர் குவைத்திலிருந்து போன் போட்டு, மத்தியானம் ஆச்சு, சாப்பிடுங்கள் என்பார். வெளியே பனி கொட்டுகிற இருட்டில் நாங்கள் தயிர்சாதம் சாப்பிடுவோம். அறை சுத்தம் செய்ய வந்த பெண் இரண்டு தடவை எங்களைத் தட்டி எழுப்பிவிட்டு, மூன்றாம் நாளிலிருந்து எங்கள் கதவைத் தாண்டியே போய்விட்டாள்.

திட்டம் அப்படியே பலித்தது. எட்டரை மணிக்கு ஹோட்டல் வராந்தாவில் மற்றப் பிள்ளைகள் வெந்நீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விட்டார்கள். என் மகள் பூசைக்குப் போகிறவள் மாதிரிப் பளிச்சென்று நின்றாள். உள்ளே போனாள், பாடினாள். கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது. முதல் நாளும் சரி, நாலாம் நாளும் சரி, ஒரு இடத்தில்கூடக் குரல் தடுக்கவில்லை. நடுவர் ஒருவர், இந்த நேரத்தில் இப்படி ஒரு குரலா என்று வியந்ததாக அவள் வந்து சொன்னாள். போனில் கேட்டு இவர் ரிஃபைனரி முழுக்கச் சொல்லியிருப்பார்.

ஐந்தாவதுதான் அவள் உயிராக நினைத்த கல்லூரி. முதல் வருஷத்திலேயே மேடையேற்றிவிடுவார்களாம். அன்று பனியில் விமானங்கள் தாமதமாகி நடுவர்கள் வந்து சேரவில்லை. எல்லோரும் வராந்தாவில் காத்திருங்கள், மத்தியானம் இரண்டரைக்குத் தொடங்கும் என்றார்கள். குவைத்தில் இரவு பதினொன்றரை.

இவருக்குப் போன் போட்டேன். விவரம் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, “எப்ப தொடங்கினாலும் நாமதான முதல்?” என்று கேட்டார். வைத்துவிட்டேன்.

ஒரு மணிக்கு மகளின் கண் சொருக ஆரம்பித்தது. காபி கொடுத்தேன், முகம் கழுவ வைத்தேன், நடக்க வைத்தேன். மற்றப் பிள்ளைகளுக்கு அதற்குள் தொண்டை திறந்து, வராந்தா முழுக்கக் குரல் பறந்தது. இவள் என் தோளில் சாய்ந்து, “சாரிம்மா, முடியல” என்றாள். நாலு ஆடிஷன் நன்றாகப் போயிருந்தும், நாகர்கோவில் சீட்டும் கொழுந்தனாரும்தான் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார்கள். இனி எழுப்பி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தோன்றியது. என் சால்வையைப் போர்த்தி அவளைத் தூங்கவிட்டேன்.

பெயர் கூப்பிட்டதும் எழுந்து, தலையைக்கூடச் சரிசெய்யாமல் உள்ளே போனாள். நான் கதவில் காதை வைத்துக்கொண்டேன். மற்ற நாள்களில் அவள் பாட்டு ‘என்னைப் பார்’ என்று வெளியே வந்து நிற்கும். அன்று வந்தது தாழ்ந்த குரல். பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்வதுபோலப் பாடினாள். உச்சத்தை அவள் எட்டிப் பிடிக்கவில்லை, மெதுவாகப் போய்த் தொட்டுவிட்டு வந்தாள். வெளியே வந்தவளிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“தெரியலம்மா. பயப்படுறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல.”

ஏப்ரலில் பதில்கள் வந்தன. நாங்கள் கடிகாரத்தை ஏமாற்றி, திரைச்சீலையை மூடி, கச்சிதமாகப் பாடிய நாலு கல்லூரிகளும் ‘வருந்துகிறோம்’ என்று எழுதின. தூக்கக் கலக்கத்தில் பாடிய ஐந்தாவது, உதவித்தொகையோடு வா என்றது. மகள் கத்திய கத்தலில் சேச்சி மறுபடி ஓடி வந்தார். பூசை முடிந்ததும் இவர், யாரும் கேட்காமலே, நாடகம் என்று வாயார ஒவ்வொருவரிடமும் சொன்னார். எல்லாம் முதல் ஆளாக நின்றதனால்தான் என்றும் சேர்த்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை.

ஆகஸ்டில் அவள் தனியாகப் புறப்பட்டாள். வழக்கம்போல விமான நிலையத்துக்கு மணிக்கணக்காக முன்னால் போய், கவுண்டரில் முதல் ஆளாக நின்றோம். திறந்ததும் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வந்தது. நீங்கள் முன்னால் போங்கள் என்று இவர் ஒதுங்கினார். பிள்ளைக்காரர்கள், நியாயம்தான். அடுத்து டி.வி. பெட்டியைச் சுமந்து வந்தவரை விட்டார். அதற்கடுத்து வெறுங்கையாக வந்த ஒருவரையும் விட்டார். மகள், “அப்பா, நம்ம டர்ன்” என்றாள்.

“அவசரம் இல்ல மக்களே. அவங்க போட்டும்” என்று மகளிடம் சொன்னார்.

அன்று அவரைக் கிண்டல் செய்ய எனக்கு வாய் வரவில்லை. நானும் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். வரிசை கரைந்துகொண்டே போனது. கவுண்டரில் இருந்தவர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார். வேறு யாராவது வருகிறார்களா என்று இவர் திரும்பிப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை.