இருபதாம் சீட்டு

என் அப்பா வாமதேவனுக்கு அறுபத்திரண்டு வயது. முப்பத்தொரு வருடமாகப் பாரிஸில் சமையலறை வேலை. முதல் பதினொரு வருடம் கோப்பை கழுவினார். பிறகு கார் து லெஸ்ற் நிலையத்துக்கு எதிரே ஓர் உணவகத்தில் குளிர் உணவுப் பகுதிக்கு மாறினார். ஒரு மணி நேரத்தில் இருநூறு சிப்பி உடைப்பார். வீட்டுக் கணக்கு வழக்கு எதுவும் அவருக்குத் தெரியாது. அதெல்லாம் அம்மா.

அம்மா சாரதாதேவி பெப்ரவரியில் இறந்தார். மூளையில் இரத்தக் கசிவு. செவ்வாய் காலை விழுந்தார். வியாழன் மாலை கருவிகளை நிறுத்தினார்கள். அதைப் பற்றி எழுத என்னிடம் வேறொன்றும் இல்லை.

அவர் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் சீட்டுப் பிடித்தவர். இருபது பேர், மாதம் ஐந்நூறு யூரோ, இருபது மாதம். அவசரக்காரர்கள் கழிவு கூறி, குறைந்த தொகைக்கு முதலில் எடுப்பார்கள். கடைசிவரை பொறுத்திருப்பவருக்குக் கழிவில்லாமல் முழுப் பத்தாயிரம். எடுத்தவர் யாராவது கட்டாமல் விட்டால் சீட்டுப் பிடித்தவர் தன் கையால் போட வேண்டும். பத்திரம் கிடையாது, கணக்கு எழுதும் ஒரு கொப்பி மட்டும். அம்மா இறந்தபோது பதின்மூன்று சீட்டு முடிந்திருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரை யாரும் வாய் திறக்கவில்லை. மறுநாள், இன்னும் எடுக்காத ஏழு பேரும் புறநகர் ஸ்தேனில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தேநீர் குடித்தார்கள். அம்மாவைப் பற்றிப் பேசினார்கள். எழும்பும் நேரத்தில்தான் ஒருவர் கொப்பியைப் பற்றிக் கேட்டார்.

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, நான் தாறன்" என்றார் அப்பா.

அவர் எதிலும் கையெழுத்து வைத்திருக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே எடுத்தவர்களில் எட்டுப் பேர், அம்மா போனதோடு கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களுடைய பங்கை அப்பா மாதாமாதம் போட்டார். அதற்காக மூன்று இடத்தில் கடன் எடுத்தார். ஒன்று அவருடைய சம்பளம் விழும் வங்கியிலேயே. எனக்குச் சொல்லவில்லை. ஒக்டோபர் ஐந்தாம் தேதி சம்பளம் விழுந்தது, ஆறாம் தேதி காலை அதில் ஒன்றும் இல்லை. மெற்றோவுக்குக் காசு கேட்டார். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

நகரசபையின் சமூக உதவியாளர் ஜெனவியேவ் வரிசையை விளக்கினார். முதலில் கடன் இல்லாத வேறொரு வங்கியில் கணக்கு. சம்பளம் அங்கே மாற வேண்டும். அதற்குப் பிறகுதான், எல்லாக் கடனையும் ஒன்றாக்கி நீண்ட தவணை கேட்கும் கடன் தீர்வு மனு. மாறிச் செய்தால், மனுவுக்குப் பதில் வருவதற்குள் பழைய வங்கி அடுத்த சம்பளத்தையும் எடுத்துக்கொள்ளும். நான் மென்பொருள் சோதிப்பவள். வரிசை விளங்கியது.

முதல் தடவை வங்கியிலிருந்து திரும்பி வந்தோம். முகவரிக்குச் சான்றாகக் கொண்டுபோன மின்சாரப் பில் அம்மாவின் பெயரில் இருந்தது. தொலைபேசியில் மாற்றினேன். நான்கு நிமிடம்.

இரண்டாம் தடவை அலெக்சிஸ் என்ற ஊழியர் கணக்கைத் திறந்தார். கணக்கு எண் உள்ள தாளைக் கையில் கொடுத்து, வேறு ஏதும் வேண்டுமா என்று கேட்டார். அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மேசையில் வைத்தார். அதில் வேறொருவருடைய கணக்கு எண்.

"இவவுக்கு மாதம் நானூறு. பத்து மாதம்" என்றார் பிரெஞ்சில்.

சிவாஜினி. கடைசிச் சீட்டு அவருடையது. ஆறாயிரம் கிடைத்திருந்தது; கட்டாத எட்டுப் பேரின் பங்கு நாலாயிரம் மீதி. அலெக்சிஸ் தட்டச்சு செய்யத் தொடங்கினார். நான் நிறுத்தச் சொன்னேன்.

வெளியே வந்து சொன்னேன். "இனி ஒருத்தருக்கு மட்டும் குடுக்கேலாது அப்பா. மனுப் பாக்கிறவங்கள் கண்டாங்களெண்டா தள்ளிவிடுவாங்கள்."

"அப்ப அவவின்ரை காசு?"

"அதையும் மனுவிலை எழுதலாம். எல்லாரோடையும் சேர்த்து ஏழு வருசத்திலை வரும். குறைஞ்சும் வரலாம்."

"கடைசி மட்டும் பொறுத்தவ, பிள்ளை. கொம்மாவை நம்பி. அவவைக் கொண்டுபோய்க் கம்பனியளோடை வரிசையிலை விடச் சொல்லுறியோ? அவவின்ரை பேரை எழுதினா நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

கையெழுத்து இல்லாமல் மனு இல்லை. லா சப்பலுக்குப் போனோம்.

சிவாஜினி ஒரு தொலைபேசிக் கடையின் பின் அறையில் சேலைச் சட்டை தைக்கிறார். அப்பாவைக் கண்டதும் சிரித்தார்.

"அக்கா இருக்கேக்கை ஒரு நாளும் இந்தப் பக்கம் வராத ஆள். என்ன அண்ணை, சட்டை தைக்கவோ?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கணக்கு, மனு, ஏழு வருடம்.

"எழுதினா எனக்குக் கடிதம் வருமோ?"

"ஓம் அன்ரி. வீட்டுக்கு."

அவர் மெஷினிலிருந்து காலை எடுத்தார். "நான் சீட்டுப் போட்டது என்ரை மனுசனுக்குத் தெரியாது."

"கேட்டியோ? எழுதத் தேவையில்லைத் தங்கச்சி, நான் எப்பிடியும் தாறன்" என்றார் அப்பா.

"எதிலை தருவீங்கள்?"

அப்பா நிலத்தைப் பார்த்தார். சிவாஜினி அவருடைய சப்பாத்தைப் பார்த்தார், பிறகு முகத்தை.

"இண்டைக்குச் சாப்பிட்டனீங்களோ?"

"பின்னேரம் வேலையிலை சாப்பிடுவன்."

"அங்கை மட்டுந்தானோ?"

அப்பா சட்டையை இழுத்துவிட்டார்.

"எழுதுங்கோ" என்றார் சிவாஜினி.

"இல்லைத் தங்கச்சி..."

"எழுதுங்கோ அண்ணை. நீங்கள் விழுந்தா எனக்கு நாலு சதமும் வராது. மனுசனோடை நான் கதைக்கிறன். அவர் வங்கியிலை ரெண்டு கிரெடி கடன் எடுத்து ஒளிச்சு வைச்சிருக்கிறார். எனக்குத் தெரியாதெண்டு நினைப்பு."

அளவு குறிக்கும் சிட்டை ஒன்றைக் கிழித்து முகவரியை எழுதினார். வெட்டுமேசையிலிருந்த துணியை ஒரு பக்கம் ஒதுக்கினார். நான் மனுவை விரித்து, கடன் கொடுத்தவர் என்ற இடத்தில் அவருடைய பெயரை நிரப்பினேன். கடன் எப்படி ஏற்பட்டது என்ற இடத்தில் பேனா நின்றது.

"என்ரை எண்டு எழுது. நான்தான் வாங்கினனான்" என்றார் அப்பா. "கொம்மாவின்ரை பேர் அதிலை வரக் கூடாது."

அவர் தருவதாகச் சொன்ன நாளைத் தேதியாகப் போட்டேன். அவர் கையெழுத்து வைத்தார்.

நவம்பர் ஐந்தாம் தேதி சம்பளம் புதிய கணக்கில் விழுந்தது. ஆறாம் தேதியும் அப்படியே இருந்தது. தொலைபேசியில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"சிவாஜினிக்குக் கடிதம் போயிருக்குமோ?" என்று கேட்டார்.

மனுவை ஏற்றுக் கடிதம் அனுப்ப இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்றேன்.