கணவர் பெயர்: திருச்செந்தூரில் இருக்கிறவர்

நோய் இல்லாதவர்களைத் தேடிப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்து வருவதுதான் அறுபதுகளில் நான் பம்பாயில் பார்த்த உத்தியோகம். கர்ப்பப்பை வாயில் வரும் புற்றுநோயை வலி தொடங்கும் முன்பே கண்டுபிடித்துவிடலாம். உள்ளே லேசாகத் துடைத்தெடுத்துக் கண்ணாடித் துண்டில் பூசிப் பார்த்தால் போதும். இதைப் பெண்களிடம் சொல்ல வேண்டும். வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பிழைத்தவர்களே, இந்த விஷயத்தை வாசலில் நின்றுகொண்டு எந்தக் குரலில் சொல்வது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நல்ல ஆஸ்பத்திரி

தாராவியில் என் முதல் சந்து. வாசலில் இட்லி அவித்து விற்றுக்கொண்டிருந்த பேச்சியம்மாளிடம் ஆரம்பித்தேன். உடம்பு நன்றாக இருக்கும்போதே வந்து காட்ட வேண்டும் என்பதை மூன்று விதமாகச் சொன்னேன். மூன்றாவது தடவை எனக்கே அது கிறுக்குத்தனமாகத் தோன்றியது.

கடைசியில் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் இட்லிச் சட்டியின் மூடியைத் திறந்துகொண்டே ஒன்று சொன்னாள்: "நோவுன்னு வந்தா நாளைக்கு வா, மறுநாள் வான்னு வெரட்டுதிய. நோவே இல்லாத என்னைய வீடு தேடி வந்து கூப்பிடுதிய. நல்லாருக்கு நர்ஸம்மா ஒங்க ஆஸ்பத்திரி!"

வாசல் போர்டு

மாதுங்காவில், கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீடு. பத்துப் பன்னிரண்டு மாமிகள் கூடியிருந்தார்கள். நான் வர்ணப் படத்தை விரித்ததும் வீட்டுக்கார மாமி சுவாமி அலமாரியின் திரையை இழுத்து மூடினாள். அப்புறம் ஜன்னலையும் மூடினாள். அந்தப் புழுக்கத்தில் நான் பேசினேன், அவர்கள் காபி குடித்தார்கள். யாருக்கு என்ன புரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

படிவத்தை எடுத்துக் கணவர் பெயரைக் கேட்டதும் எல்லாரும் என்னை முறைத்தார்கள். புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது எனக்கும் தெரியும், படிவத்துக்குத் தெரியாதே! மாமி பொறுமையாகச் சொன்னாள்: "வாசல்ல போர்டு தொங்கறதே, போறச்சே பார்த்து எழுதிக்கோங்கோ."

இரண்டு முருகன்

தாராவியில் யார் வீட்டிலும் போர்டு கிடையாது. சோதனைக்காக ஒரு சங்கத்தின் அறையை வாங்கி, பெண்களை லைனில் நிறுத்தியிருந்தோம். அப்பா பெயரைச் சொல்லக்கூடிய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அக்கம்பக்கத்தாருக்கோ அவர் பிள்ளை பெயரால் வெறும் 'சுடலி அப்பா'. ஆகவே எல்லாம் ஜாடைதான். "ஏழு மலைக்கு மேல இருக்கவரு" என்றால் வெங்கடாசலம் என்று எழுதிக்கொள்வேன். கொஞ்ச நேரத்தில் எனக்குப் பெருமையே வந்துவிட்டது.

இட்லி பேச்சியம்மாள், "திருச்செந்தூர்ல இருக்கவரு" என்றாள். முருகன் என்று எழுதினேன். அரை மணி கழித்து, அதே சந்தில் துணி தைக்கும் இன்னொரு பேச்சியம்மாள். அவளுக்கும் திருச்செந்தூர்தான். அவளுக்கும் முருகன் என்றே எழுதினேன். கண்ணாடித் துண்டின் ஓரத்திலும் அதையே எழுதிவிட்டு, சரியா என்று படிவத்தைக் காட்டினேன். அவள் சொன்னாள்: "எனக்கு எழுத்து தெரியாதும்மா. நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்."

இரண்டு சீட்டு

இரண்டு வாரத்தில் முடிவுகள் வந்தன. பேச்சியம்மாள், கணவர் முருகன், சந்தேகம், உடனே அழைத்து வரவும். அதே கட்டுக்குள் இன்னொரு சீட்டு: பேச்சியம்மாள், கணவர் முருகன், குறை ஒன்றுமில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு பதிலா? இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தேன். இரண்டு பேச்சியம்மாள் உண்டு என்பது நினைவுக்கு வரவே வெகுநேரமாயிற்று.

அப்புறம் செய்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது. தையல் பேச்சியம்மாள் ஒல்லி, சோர்ந்த முகம். அவளாகத்தான் இருக்கும் என்று நானாக முடிவுகட்டி, நேரே அவளிடம் போய்ச் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் கேட்டு ஓடி வந்த இட்லி பேச்சியம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்: "அவ வீட்டுக்காரருக்கும் திருச்செந்தூரு, எங்க வீட்டுக்காரருக்கும் திருச்செந்தூரு. பெறகு இந்தச் சீட்டு அவளுக்குத்தான்னு எப்படிச் சொல்லுதிய?"

பாவம் எனக்கே

மறுசோதனைக்கு இருவரையும் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வழி முழுக்க ஒருத்தி கையை ஒருத்தி விடவில்லை. அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அங்கே மராத்தி நர்ஸ் பேனாவை எடுத்துக்கொண்டு, "பதி கா நாம்?" என்று இந்தியில் புருஷன் பெயரைக் கேட்டாள். தையல் பேச்சியம்மாள் வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி அழுதாள். இட்லி பேச்சியம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அந்த வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "எங்க வீட்டுக்காரரு பேரு ஆறுமுகம், அவ வீட்டுக்காரரு பேரு செந்தில்வேலு. ரெண்டையும் நானே சொல்லிட்டேன், பாவம் எனக்கே இருக்கட்டும்."

ஆயுசு

நோய் இட்லி பேச்சியம்மாளுக்குத்தான். நோவே இல்லை என்று என்னைக் கேலி செய்தவளுக்கு. நல்லவேளை, ஆரம்பத்திலேயே கண்டதால் ஒரு ஆபரேஷனோடு போயிற்று. தையல் பேச்சியம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

சில மாதங்கள் கழித்து அந்தச் சந்துக்குப் போனபோது இட்லிச் சட்டி மறுபடி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஆறுமுகம் குத்துக்கல் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் அவரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "பேரைச் சொன்னா அவருக்கு ஆயுசு கொறையும்னு சொன்னாவ. கடேசில எனக்குல்லா கூடிப்போச்சு!"

அதன் பிறகு நான் கண்ணாடித் துண்டில் சாமி பெயர் எதையும் எழுதியதில்லை, ஆளுக்கு ஒரு நம்பர்தான் போட்டேன்; இந்தச் சின்ன யோசனை வர எனக்கு இரண்டு பேச்சியம்மாள்கள் தேவைப்பட்டார்கள்.