டெலியா சொல்லாத பெயர்

வந்தவரின் முகத்தை டெலியா ருவேன் கடைசியாகத்தான் பார்ப்பாள். கடை மணி கிணுங்கியதும் பார்வை நேரே தரைக்குப் போகும். குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எந்தக் கால் தயங்கி ஊன்றுகிறது என்று ஒரு நொடியில் கணக்கெடுத்துவிட்டுத்தான் நிமிர்வாள். "மூஞ்சி பொய் சொல்லும், குதிகாலுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்பாள். மேயோ மாவட்டத்தின் அந்தச் சின்ன ஊரில் நாற்பத்தாறு வருடமாகச் செருப்புக்கடை நடத்துகிறாள். எழுபத்தொரு வயது. கண்ணாடியை மூக்கில் போடுவதைவிடத் தலைமுடியில் செருகிவைப்பதுதான் அதிகம்.

பிள்ளைகள் வேடம் கட்டி வீடு வீடாக வரும் ஹாலோவீன் அன்று மட்டும் நாலு மணிக்கே கடையைச் சாத்திவிடுவாள். வீட்டு வாசல் விளக்கைப் போட்டுக் காத்திருப்பாள். பிள்ளைகள் வந்தால் மிட்டாயை உடனே எடுத்து நீட்டுவதில்லை. உள்ளே அழைத்து உட்காரவைத்து, யார் யார் என்று ஊகித்த பிறகுதான் தருவாள். வேண்டுமென்றே தப்பாகவும் சொல்வாள். "நீ பாதிரியார்தானே? தொப்பையைப் பாத்தாலே தெரியுதே" என்று ஆறு வயதுச் சூனியக்காரியைக் கேட்டால் அது சிரிப்பை அடக்க முடியாமல் நெளியும்.

இந்த விளையாட்டு அவள் சிறுமியாக இருந்த காலத்தில் பெரியவர்களுடையதும்கூட. இருட்டியதும் அப்பாவின் பழைய கோட்டு, அம்மாவின் பாவாடை, ஜன்னல் திரை, கண்ணுக்கு ஓட்டை போட்ட மாவுச் சாக்கு என்று கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு கூட்டங் கூட்டமாக வருவார்கள். குரல் தெரியாமலிருக்க மூச்சை உள்ளே இழுத்தபடி பேசுவார்கள். வீட்டுக்காரர் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டால் முகமூடியைக் கழற்ற வேண்டும். சொல்லாதவரை வந்தவர் விருந்தாளி. எந்த வீடும் அவரை வெளியே அனுப்பாது.

டெலியாவுக்கு எட்டு வயதான வருடம், ஐந்து பேர் வந்தார்கள். கடைசியில் வந்தவர் நெட்டை. தலையிலிருந்து இடுப்புவரை பூ வேலை செய்த ஜன்னல் திரை, வாயே திறக்கவில்லை. அப்பா மார்ட்டின் மவுத் ஆர்கன் எடுத்து வாசித்ததும், அந்த மனிதர் அம்மாவை ஒரு சுற்று ஆட அழைத்தார். டெலியா கணப்படுப்பின் ஓரமாக உட்கார்ந்து கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது பூட்ஸின் வெளி ஓரம் தேய்ந்து சாய்ந்திருந்தது. குதிரை உதைத்த கால். ஊரில் அப்படி ஒரு கால்தான் உண்டு.

பக்கத்து வீட்டு ஆஸ்டின் மாய்ல்ஸ்.

அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டும் ஒரு துண்டு நிலத்துக்காக அவரும் அப்பாவும் பதினோரு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. கோயிலில் ஒருவர் இந்தக் கோடி, மற்றவர் அந்தக் கோடி. அவருடைய நாய் வாசலைத் தாண்டினால்கூட அப்பாவுக்குப் பொறுக்காது.

பெயரைச் சொல்ல டெலியா வாயைத் திறந்தாள். அப்பா எழுந்து வந்து, திராட்சை ரொட்டியில் பெரிய துண்டாக ஒன்றை அந்த வாய்க்குள் திணித்தார். "சாப்பிடு கண்ணு. வாய் நெறையச் சாப்பிடு" என்றார். பிறகு நெட்டை மனிதரைத் திரும்பிப் பார்த்து, "இது போஸ்டாபீஸ் அம்மாவாத்தான் இருக்கணும். என்னமா ஆடுறாங்க" என்றார். வீடே சிரித்தது. திரைக்குப் பின்னால் தோள்களும் குலுங்கின.

மறுநாள் காலை இருவரும் சாலையில் எதிரெதிரே வந்தார்கள். வழக்கம்போல ஆளுக்கொரு வேலியைப் பார்த்தபடி கடந்தார்கள். ராத்திரி ஆடினது அவர்தானே என்று டெலியா அப்பாவிடம் கேட்டாள். "முகமூடியோட வந்தவன் யாருன்னு விடிஞ்சப்புறம் கேக்கப்படாது" என்றார் அவர்.

அடுத்த மூன்று வருடமும் அந்த நெட்டை மனிதர் வந்தார். ஒரு வருடம் வைக்கோல் தொப்பி, ஒரு வருடம் மாவுச் சாக்கு. அப்பா ஒரு தடவைகூடச் சரியாக ஊகிக்கவில்லை. "ரெண்டு பேரும் இப்படி ஒரு ராத்திரிய எங்கேருந்து கண்டுபிடிச்சாங்க, சொல்லுங்க" என்று இன்றும் டெலியா குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறாள். கேட்டுவிட்டு முழங்கையைத் தேய்த்துக்கொள்கிறாள், மயிர்க்கூச்செறிந்திருக்கிறது.

அவளுக்குப் பன்னிரண்டு வயதான வருடம் செப்டம்பரில் அம்மா இறந்துபோனாள். துக்க வீட்டுக்கு வேடம் கட்டி யாரும் வரமாட்டார்கள். அந்த ஹாலோவீன் அன்று ஜன்னலில் டர்னிப் கிழங்கைக் குடைந்து செய்யும் விளக்கு வைக்கவில்லை. தெருப் பிள்ளைகள் அவர்கள் வீட்டைத் தாண்டும்போது பேச்சை நிறுத்தி, விளக்குகளைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்பாவும் மகளும் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். உருளைக்கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது.

கதவு தட்டப்பட்டது. டெலியா போய்த் திறந்தாள்.

ஆஸ்டின் மாய்ல்ஸ் நின்றுகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு, புதிதாகச் சவரம் செய்த கன்னத்தில் ஒரு வெட்டு. திரை இல்லை, சாக்கு இல்லை. இத்தனை வருடம் வந்த மனிதரின் முகத்தை அந்த வீடு முதல்முறையாகப் பார்த்தது.

"இந்த வருசம் யாரும் வர மாட்டாங்கன்னு தெரியும், மார்ட்டின்" என்றார். சற்று நிறுத்தி, "எம் மூஞ்சியோடதான் வந்திருக்கேன். போகச் சொன்னா போயிடுறேன்."

அப்பா எழுந்தார். அவர் கதவை நோக்கித்தான் வருகிறார் என்று நினைத்து டெலியா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவர் வரவில்லை. மூலைக்குப் போனார். ஆறு வாரமாக யாரும் உட்காராத அம்மாவின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து நெருப்பின் அருகே போட்டு, அதன் இருக்கையைத் தன் சட்டைக் கையால் துடைத்தார்.