மூச்சு வாங்காமல் ஏறிய படிகள்

சிகரெட்டை விட்டால் மூச்சு சீராகும் என்று டாக்டர் சொன்னதை, இன்று காலை அம்பத்தூர் ஸ்டேஷன் மேம்பாலத்தில்தான் ஒத்துக்கொண்டேன்.

டிக்கெட் கவுண்டர் அருகே தேவராஜ் நின்றிருந்தான். ஃபேக்டரியில் பெயிண்ட் அடிக்கும் பிரிவில் நான் புகை பிடித்ததை மேனேஜரிடம் சொல்லிவிட்டு, எனக்கு வரவேண்டிய சூப்பர்வைசர் நாற்காலியில் தான் போய் உட்கார்ந்தவன். அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை.

அவனைப் பார்த்ததும் விறுவிறுவென்று படியேறினேன். முன்பெல்லாம் பாதியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொள்வேன்.

இன்று, என் பின்னாலேயே ஏறிவந்து பாதியில் நின்று இருமியது அவன்.

"இன்னா அண்ணாத்தே, இந்த ஓட்டம் ஓடுற? பொண்ணு கல்யாணப் பத்திரிகை குடுக்கத்தான் காலைலேர்ந்து நின்னுகினு கீறேன். வாங்கினு ஓடு!"

படியில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இறங்கிப்போய் வாங்கிக்கொண்டேன்.

"ஞாயித்துக்கெழம. அண்ணியையும் இட்டுகினு வா. பழசெல்லாம் உட்டுடு" என்றான், இருமலுக்கு நடுவே.

சிகரெட்டை விடவே எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று. இவன் மேலுள்ள கோபத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் விடச் சொல்கிறான்.

முடிகிற காரியமா, நீங்களே சொல்லுங்கள்.